தொட்டதும் நிற்கும் ரம்பம்

பலகையை நீளவாக்கில் நேராகப் பிளக்க டேபிள் சாவை மிஞ்சிய இயந்திரம் கிடையாது. பட்டறையில் விரலைக் காவு வாங்குவதிலும் அதை மிஞ்ச ஆளில்லை. மேசையின் நடுவே ஒரு நீளப் பிளவு, அதன் வழியே எட்டிப் பார்க்கும் வட்ட ரம்பம். பலகையைக் கையால்தான் தள்ள வேண்டும். பலகை ரம்பத்தை நோக்கிப் போகப் போகக் கையும் கூடவே போகும். 10 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் இந்த ரம்பம் பட்டுக் காயமடைகிறார்கள் என்றும், 4,000 பேர் அளவில் உறுப்பை இழக்கிறார்கள் என்றும் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது.

இதற்கு நெடுங்காலமாக இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: ரம்பத்தை மூடி வை, கையை அண்டவிடாதே. அதற்காகவே ரம்பத்தின் மேல் ஒரு மூடி வரும். மெல்லிய பட்டைகளை அறுக்கும்போது அது குறுக்கே நிற்கும். பலகையில் காடி எடுக்க வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய மூடி சுவரில் ஏறும், பிறகு இறங்காது. எத்தனையோ பட்டறைகளில் டேபிள் சா வந்த ஒரு மாதத்துக்குள் நடப்பது இதுதான்.

1999-இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் ஸ்டீவ் காஸ் தன் வீட்டுப் பட்டறையில் நின்று டேபிள் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், தொழில் காப்புரிமை வழக்கறிஞர், மரவேலை ஆசைக்கு. கையை எப்படித் தடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. கை பட்டுத்தான் தீரும், பட்ட பிறகு ரம்பத்தை நிறுத்த முடியுமா என்று யோசித்தார். இந்தக் கதையின் உயிர் இந்த யோசனையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மனிதன் தவறவே மாட்டான் என்று நம்பிக் கட்டிய பாதுகாப்புக்கும், தவறுவான் என்று ஒத்துக்கொண்டு கட்டிய பாதுகாப்புக்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

இயற்பியல் படித்தவர் என்பதால் உடனே கணக்கில் இறங்கினார். பலகையைத் தள்ளும் கை நொடிக்கு ஒரு அடி நகரும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றால் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் ரம்பம் நின்றாக வேண்டும். அத்தனை வேகமாகச் சுழலும் ரம்பத்தை அந்த நேரத்துக்குள் நிறுத்த ஏறத்தாழ 450 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். சாதாரண பிரேக் எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே ரம்பத்தின் வேகத்தையே அதற்கு எதிராகத் திருப்பினார். பற்களுக்கு நேரே ஓர் அலுமினியக் கட்டையைக் கொடுத்துவிட்டால், ரம்பம் தானே அதைக் கடித்துக்கொண்டு சிக்கி நிற்கும்.

பட்டது மரமா விரலா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உடம்பு மின்சாரத்தை ஏற்கும். காய்ந்த மரம் ஏற்காது. ரம்பத்தை இயந்திரத்தின் மற்ற உலோகப் பாகங்களோடு மின்தொடர்பு இல்லாமல் தனிப்படுத்தி, அதன் வழியே மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்றை ஓடவிட்டார். தோல் பட்டவுடன் அந்தச் சமிக்ஞையில் ஒரு பகுதி உடம்புக்குள் இறங்கிவிடும். ரம்பத்தில் மிச்சமிருப்பது சட்டென்று குறையும். காவலிருக்கும் மின்சுற்று அந்தக் குறைவைக் கண்டதும் ஒரு மெல்லிய கம்பியை உருக்கிவிடும். அந்தக் கம்பி இழுத்துப் பிடித்திருந்த சுருள்வில் விடுபட்டு அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் தள்ளும். நிற்கும் ரம்பத்தின் மிச்ச வேகம் வீணாவதில்லை. அது ரம்பத்தையே மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். மோட்டாருக்கும் மின்சாரம் நின்றுவிடும். எல்லாம் முடிய நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த நேரத்தில் ரம்பம் அரைச் சுற்றுகூட முடிப்பதில்லை.

முதல் சோதனைகளில் விரலுக்குப் பதில் ஹாட் டாக் சாசேஜ். ஈரமும் உப்பும் உள்ள இறைச்சி என்பதால் மின்சாரத்துக்கு அதுவும் ஒரு விரல்தான். பலகை மேல் வைத்துத் தள்ளியதில் சாசேஜின் தோலில் ஒரு கீறலோடு ரம்பம் காணாமல் போனது. ஆனால் விற்கப் போவது சாசேஜுக்கான பாதுகாப்பு அல்லவே. 2000-இல் காஸ் தன் இடக்கை மோதிர விரலில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டுக்கொண்டு, ஓடும் ரம்பத்தில் கொண்டுபோய் வைத்தார். வலித்தது, ரத்தமும் வந்தது; விரல் முழுசாக இருந்தது. இதை வீரமென்று நான் கொண்டாட மாட்டேன், யாரும் திரும்பச் செய்யவும் கூடாது. ஆனால் தான் போட்ட கணக்கைத் தன் விரலை வைத்தே சரிபார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதே ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் சாசேஜ் சோதனையை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. காப்புரிமையைப் பெரிய நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு உரிமத் தொகை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் காஸும் வழக்கறிஞர் நண்பர்களும் போட்டிருந்த திட்டம். சாஸ்டாப் என்ற நிறுவனமே அதற்காகத்தான். நிறுவனங்கள் பிடி கொடுக்கவில்லை. விலை ஏறும், ஈர மரத்தில் தேவையில்லாமல் நின்றுவிடும், காலம் சோதித்துப் பார்க்காத பொருள் என்று காரணங்கள் வந்தன. அவற்றில் பொய் இல்லை. ஆனால் அடியில் வேறொரு பயமும் இருந்தது. ஒரு மாடலில் இதை வைத்துவிட்டால், வைக்காத மாடல்களில் விரல் போனவர்கள் கோர்ட்டுக்கு வந்து ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்களே! பாதுகாப்பு இல்லாமலிருப்பதைவிட அது கிடைக்கிறது என்று நிரூபணமாவது ஆபத்தாகிப்போன ஒரு வியாபாரச் சூழல் அது. ரையோபி நிறுவனத்தோடு 2002-இல் ஒப்பந்தம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்று, கையெழுத்தாகாமலே போனது.

2003-இல் காஸும் நண்பர்களும் எல்லா டேபிள் சாவிலும் இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கக் கோரி நுகர்பொருள் ஆணையத்தில் மனுப் போட்டார்கள். யாரும் செய்யத் தயாராக இல்லாததால் தாங்களே செய்யவும் முடிவெடுத்தார்கள். தைவானில் தயாரான முதல் சாஸ்டாப் இயந்திரங்கள் 2004-இன் இறுதியில் சந்தைக்கு வந்தன. நிறுவனங்கள் பயந்த வழக்கும் வந்தது. ரையோபி டேபிள் சாவில் கை சிதைந்த ஒருவருக்கு 2010-இல் பாஸ்டன் ஜூரி 15 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. இத்தகைய பாதுகாப்பு இருந்தும் பயன்படுத்தவில்லை என்பதே அவர் தரப்பு வாதம்.

இந்த இடத்தில் காஸ் பக்கம் முழுசாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. போஷ் நிறுவனம் ரீஆக்ஸ் என்றொரு டேபிள் சாவைக் கொண்டுவந்தது. ரம்பத்தைக் கட்டையால் கடிக்க வைக்காமல், ஒரு சிறு வெடிப்பின் விசையால் மேசைக்கு அடியில் தள்ளிவிடும் முறை. ரம்பம் கெடாது, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். சாஸ்டாப் காப்புரிமை வழக்குப் போட்டது; 2017-இல் அமெரிக்க இறக்குமதிக்குத் தடை விழுந்தது. பத்து விரலையும் காக்கப் பிறந்த யோசனை, அதே வேலையை இன்னொரு வழியில் செய்த இயந்திரத்தைக் கடையிலிருந்து இறக்கியது. அந்த ஆண்டே சாஸ்டாப்பை ஃபெஸ்டூல் என்ற கருவி நிறுவனத்தின் தாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2024-இல், ஆணையத்தின் கட்டாய விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுவிடுவதாக சாஸ்டாப் அறிவித்தது. மனுப் போட்டு அப்போதே 20 ஆண்டு தாண்டியிருந்தது.

ஆசைக்கு மரவேலை செய்பவர் சாஸ்டாப் டேபிள் சாவை வாங்கும்போது சில சங்கதிகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஒருமுறை பாய்ந்த அலுமினியக் கட்டை, அதன் பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குத்தான். ரம்பமும் பெரும்பாலும் பாழ். மிகவும் ஈரமான மரத்திலும் பலகைக்குள் ஒளிந்திருக்கும் ஆணியிலும் அது பாய்ந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட மரத்தை அறுக்கக் காவலைத் தற்காலிகமாக அணைத்துவைக்கும் வசதி உண்டு; அணைத்துவிட்டால் அது வெறும் டேபிள் சா. பலகை ரம்பத்தின் பின்பக்கப் பல்லில் மாட்டிக்கொண்டு ஆளை நோக்கி எகிறுவதை, கிக்பேக்கை, இந்த மின்சுற்று கண்டுகொள்ளாது. பலகைக்குத் தோல் கிடையாதே. கிக்பேக்குக்கு ரம்பத்துக்குப் பின்னால் கூடவே ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் என்ற மெல்லிய தகடு வேண்டும். கடைசி சில அங்குலங்களைத் தள்ள ஒரு புஷ் ஸ்டிக் வேண்டும். பலகையை ஒட்டி நகர்த்தும் வேலி ரம்பத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய டேபிள் சாவைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் முதல் செலவு இவற்றுக்கே என்று நான் சொல்வேன். முதல் சாஸ்டாப்பிலேயே ரைவிங் நைஃப் இருந்தது.

விரல் தப்பியவர்கள் பாய்ந்துபோன பெட்டியை நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கலாம். உள்ளே பதிவாகியிருக்கும் மின் தரவைப் படித்துப் பார்க்கிறார்கள். பட்டது தோல்தான் என்று உறுதியானால், புதுப் பெட்டி ஒன்று காசில்லாமல் வீட்டுக்கு வருகிறது.