கரித்தூசியும் சட்டமும்



தொழிற்புரட்சியைப் பற்றிய பாடத்தில் நீராவி எஞ்சின் வருகிறது, ரயில் வண்டி வருகிறது, நூற்பாலை வருகிறது. இவற்றையெல்லாம் இயக்கிய நிலக்கரியும் வருகிறது. அந்தக் கரியைப் பூமிக்குள் இறங்கி வெட்டியவனுடைய மூச்சு மட்டும் வருவதில்லை. நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஒரு மனக்குறை. ஆதலின் இன்று அவனுடைய நுரையீரலின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆழ்சுரங்கத்தையே நான் இங்குக் குறிக்கிறேன். நம் நெய்வேலியில் எடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. அது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். இங்கிலாந்தை அடுத்த தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலோ, ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், மனிதன் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத குகைகளில் கரி வெட்டினார்கள். அங்கு எழும் தூசி வெளியே போக வழியின்றி அங்கேயே சுழலும்.

தூசியை நாள்தோறும் உட்கொள்பவனுக்கு நெஞ்சு கெடும் என்பதை அறியப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. அப்படியிருக்க, நிலக்கரித் தூசி நோய் தரும் என்பதைப் பிரிட்டிஷ் சட்டம் ஒப்புக்கொள்ள 1943ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஏன்? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் நோயைப் பார்ப்போம். நாம் இழுக்கும் காற்றிலுள்ள பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. மூச்சுக் குழாய்களில் ஊறும் சளி, இன்னும் பலவற்றைப் பிடித்து மேலே தள்ளிவிடுகிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறிட்டால் வரும் ஒரு கூறினும் சிறிய துகள், இந்தக் காவல்களையெல்லாம் கடந்து நுரையீரலின் அடிக்கோடியிலுள்ள காற்றறைகளை அடைந்துவிடும். அங்குள்ள காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன; கரியைச் செரிக்க இயலாமல் மடிகின்றன. அவை மடிந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. பல்லாண்டுகளில் இத்தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பஞ்சுபோல் மெத்தென்றிருந்த உறுப்பைக் கருங்கட்டியாக்கிவிடுகின்றன. மாடிப்படி ஏற முடியாது. பிறகு அறைக்குள் நடக்க முடியாது. முடிவில் படுத்து உறங்கவும் முடியாது. தழும்பை நீக்கும் மருந்து இன்று வரை இல்லை. சுரங்கத்தை விட்டு விலகிய பின்னரும் சிலருக்கு நோய் வளர்ந்துகொண்டே போகும் என்பது இதன் கொடுமை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலிலேயே, கார்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் நெஞ்சு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்ற செய்தி இருக்கிறது. அவை உலோகச் சுரங்கங்கள். 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாது என்றும் கேட்க வேண்டுமென்று மருத்துவர்களுக்கு எழுதினார். நிலக்கரியைப் பொறுத்தவரை, எடின்பரோவில் கிரெகரி என்ற மருத்துவர், கரி வெட்டிய ஒருவனுடைய கரிய நுரையீரலை 1831இல் விவரித்துவிட்டார். 1838இல் அதற்கு ஆந்திரகோசிஸ் என்ற பெயரும் கிடைத்தது.

அறிவு இவ்வளவு முன்னதாகவே வந்துவிட்டது. வந்த அறிவு பின்னர் மறைந்துபோனதுதான் வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கங்களில் காற்றோட்டம் சீர்பட்டது. 1882இல் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டார். அதன்பின் நெஞ்சு நோயென்றால் காசநோய் என்றே மருத்துவ உலகம் நினைக்கத் தொடங்கியது. கரித்தொழிலாளரிடையே காசநோய்ச் சாவு பிற தொழிலாளரைக் காட்டிலும் குறைவாக இருந்தமையால், கரித்தூசி தீங்கற்றது என்றும், காசநோயைத் தடுக்கவும் கூடும் என்றும் அறிஞர்கள் பேசலாயினர்.

இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேசுவரத்தில் காலமான ஜே. பி. எஸ். ஹால்டேனின் தந்தை இவர். இவரைத் தொழிலாளரின் பகைவர் என்று சொல்லிவிட முடியாது. சுரங்க நச்சு வாயுக்களைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தவர். வாயுவை முன்னறிய சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும் வழக்கத்தைப் பரப்பியவர். அத்தகையவர் சொன்னதாலேயே அந்தக் கருத்துக்கு எதிர்ப்பில்லாமல் போயிற்று. பகைவன் சொன்ன தவற்றை மறுக்கப் பலர் முன்வருவர். நல்லவர் சொன்ன தவறு நெடுநாள் வாழும்.

இதற்கிடையே தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களில் பாறைத்தூளிலுள்ள சிலிகா என்ற மணற்சத்து நுரையீரலைக் கெடுப்பது ஐயமறத் தெரிந்தது. பிரிட்டனிலும் சிலிகா நோய்க்கு நஷ்டஈடு வழங்கச் சட்டம் வந்தது. 1928இல் அது கரிச்சுரங்கங்களுக்கு நீட்டப்பட்டபோது ஒரு நிபந்தனை சேர்ந்தது. நோயாளி துளையிட்ட பாறையில் நூற்றுக்கு 50 பங்காவது சிலிகா இருந்திருக்க வேண்டும்! அந்தத் தொழிலாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவன் மூச்சுத் திணறுகிறான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் தான் குடைந்த பாறை, இன்று மூடப்பட்டுக் கிடக்கும் பாறை, எத்தகையது என்று அவன் மெய்ப்பிக்க வேண்டும். கரியை மட்டும் வெட்டியவனுக்கு வழியே இல்லை. தொழிலாளர் சங்கம் போராடியதன் பயனாக 1930களில் நிபந்தனை தளர்ந்தது. எனினும் குற்றவாளி கல்லே, கரியன்று என்ற அடிப்படை மாறவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பூமிக்குள் ஒருநாளும் இறங்காதவர்கள். தெற்கு வேல்ஸ் துறைமுகங்களில் கப்பலின் அடித்தளத்தில் கரி கொட்டப்படும். அது ஒரே பக்கம் குவிந்தால் கப்பல் சாயும். ஆதலின் சிலர் உள்ளே நின்று மண்வெட்டியால் அதை நிரவிக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் பாறையைக் கண்டதில்லை. சுவாசித்தது முழுவதும் கரித்தூசி. 1928இல் காலிஸ், கில்கிரைஸ்ட் என்ற இருவர் இந்தக் கரி நிரவுவோரை ஆராய்ந்து, இவர்கள் நுரையீரலிலும் நோய் இருப்பதை எழுதினர். சிலிகாவைச் சொல்லித் தப்ப இங்கு இடமில்லை. 1940இல் கார்டிஃப் நகர நோய்க்குறியியல் அறிஞர் ஜெத்ரோ காஃப், இறந்துபோன நிரவுவோரின் நுரையீரல்களைச் சோதித்து அதையே உறுதிசெய்தார். பின்னாளில் முழு நுரையீரலையும் மெல்லிய தகடாகச் சீவிக் காகிதத்தில் ஒட்டிக் காட்டும் முறையை வகுத்தவர்களுள் ஒருவரும் இவரே.

அதே காலத்தில், 1937 முதல், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் டார்சி ஹார்ட், அஸ்லெட் ஆகியோர் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களை எக்ஸ்-ரே எடுத்து ஆராய்ந்தனர். 1942இல் அவர்களுடைய அறிக்கை வந்தது. கரித்தொழிலாளர் நியூமோகோனியோசிஸ் என்ற பெயர் நிலைபெற்றது. 1943இல் அதற்கே உரிய நஷ்டஈட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இங்கே கதை இனிது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நோய் உள்ளவனென்று சான்று பெற்றவன் சுரங்கத்தை விட்டு விலகியே ஆக வேண்டும் என்று அந்தத் திட்டம் விதித்தது. உடலைக் காக்கும் விதி என்பது மெய்தான். ஆனால் அப்பள்ளத்தாக்குகளில் சுரங்கத்தைத் தவிர வேறு வேலை ஏது? ஆயிரக்கணக்கானோர் சான்றுடன் வெளியேறினர். சான்று கிடைத்துவிடுமோ என்று அஞ்சிச் சோதனைக்கே வராமல் இருமலை அடக்கிக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு. நோயை ஒளிப்பவன் நோயாளியே ஆகும்படி செய்தது அந்த விதி. 1948க்குப் பின்னரே, நோய் மிகாதவர்கள் தூசி குறைந்த இடங்களில் வேலை செய்யலாம் என்ற நிலை வந்தது.

1945இல் கார்டிஃபுக்கு அருகே லாண்டாக் மருத்துவமனையில் இந்நோய்க்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. அதில் சேர்ந்த ஆர்ச்சி காக்ரேன், ரோண்டா ஃபாக் என்ற பள்ளத்தாக்கின் மக்களனைவரையும் எக்ஸ்-ரே எடுப்பதென 1950இல் புறப்பட்டார். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தால் வராதவர்களின் நிலை தெரியாதன்றோ? வீடுவீடாகச் சென்று அழைத்து, தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரைச் சோதித்துவிட்டனர். கணிதம் மருத்துவத்துக்கு எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் காக்ரேனைப் பற்றித் தேடிப் படிக்கலாம்.

அமெரிக்காவில் இவ்வளவும் கேட்பாரற்றுக் கிடந்தது. 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்ட பின்னர்தான் நாடு திரும்பிப் பார்த்தது. பஃப், ராஸ்முசென், வெல்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று தொழிலாளர் கூட்டங்களில் பேசினர். 1969 பிப்ரவரியில், சங்கத் தலைமையின் உத்தரவைக் கேளாமலே, சுமார் 40,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மார்ச்சில் மாநிலச் சட்டம் வந்தது. டிசம்பர் 30 அன்று கூட்டாட்சிச் சட்டமும் கையெழுத்தாயிற்று. அதில் நான் பெரிதாக மதிக்கும் விதி ஒன்று உண்டு. பத்தாண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவனுக்கு இந்நோய் இருந்தால், அது தொழிலால் வந்ததென்றே கொள்ளப்படும்; அன்று என்பவர் அதை மெய்ப்பிக்கட்டும். வேல்ஸ் தொழிலாளியின் தோளில் 1928இல் ஏற்றிய சுமை இங்கே இடம் மாறிற்று. காற்றில் தூசியின் அளவுக்கும் வரம்பு வந்தது: முதலில் ஒரு கன மீட்டருக்கு 3 மில்லிகிராம், பிறகு 2, 2016 முதல் ஒன்றரை.

பிரிட்டனில் 2015 டிசம்பரில் கெல்லிங்லி மூடப்பட்டதோடு பெரிய ஆழ்சுரங்கங்களின் காலம் முடிந்தது. அமெரிக்காவிலோ நோய் தணிந்து மீண்டும் எழுந்திருக்கிறது. தென்மேற்கு வர்ஜீனியாவின் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும், 2013 தொடங்கி 2017 தொடக்கம் வரை, முற்றிய நிலை நோயாளிகள் 416 பேர் இருந்ததாக 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தடித்த கரிப்படிவங்கள் தீர்ந்துவிட்டன. மெல்லிய படிவத்தை எடுக்க, மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்தே இயந்திரம் அறுக்கிறது. கரியோடு சிலிகாவும் நெஞ்சுக்குள் போகிறது. வேல்ஸில் கரியைக் காப்பாற்றுவதற்காகக் கல்லின்மேல் பழி போட்டார்கள். அப்பலேச்சிய மலைகளில் இன்று இரண்டும் ஒரே மூச்சில் இறங்குகின்றன.