தூங்கிப்போன வேதியியலாளர்

1891 பிப்ரவரி. இங்கிலாந்தின் நியூகாசல் வட்டாரத்து மருத்துவர்கள் கூடியிருந்த சபையில் 25 வயது ஜார்ஜ் முர்ரே எழுந்து ஒரு யோசனை சொன்னார். முகம் ஊதி, குரல் தடித்து, எந்நேரமும் குளிரில் நடுங்கி, நினைவும் பேச்சும் மந்தமாகிப்போகும் ஒரு நோய் அப்போது பெண்களை அதிகம் பிடித்திருந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சுருங்கிப்போவதே காரணம் என்றால், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்க்கலாமே என்றார் முர்ரே. அப்படியானால் தண்டுவட நோய்க்குத் தண்டுவடத்தை அரைத்து ஏற்றலாமா என்று சபையில் ஒருவர் நக்கலடித்தார். முர்ரே பதிலுக்குத் தேடிப் போனது ஆட்டுச் சுரப்பியை.

சுரப்பியைக் கிளிசரினில் ஊறவைத்து, கொதிநீரில் போட்டெடுத்த கைக்குட்டையில் பிழிந்தார். 46 வயதுப் பெண் ஒருவருக்கு அந்தச் சாற்றை ஏற்றத் தொடங்கினார். சில மாதங்களில் அவருடைய வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அதற்குப்பின் 28 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அத்தனை காலமும் அவரைத் தாங்கிய சாறு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளிலிருந்து வந்தது. 1892-லேயே பிளிமத் நகர டாக்டர் எட்வர்ட் ஃபாக்ஸ், ஊசியே வேண்டாம் என்று சுரப்பியை லேசாக வறுத்துக் கொத்தி, பழ ஜெல்லியோடு தின்னக் கொடுத்தார். அதுவும் பலித்தது. அந்தச் சதைக்குள் இருந்து வேலை செய்தது எது?

ஜெர்மனியில் ஓய்கன் பௌமன் 1895-இல் அதைத் தேடிக் கிளம்பியபோது, சுரப்பியில் அயோடின் தென்பட்டது. அவரால் நம்பவே முடியவில்லை. சுரப்பியின் பொருளிலேயே அயோடின் ஒரு பகுதியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தும் அயோடின் போகவில்லை. ஆனால் அதைத் தாங்கிய பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அவருக்குக் கைகொடுத்தது ஓரிரவுத் தூக்கம்.

எட்வர்ட் கெண்டல், 28 வயது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கின் வேதியியலாளர். 1914 டிசம்பரில் ஓரிரவு, தைராய்டுச் சாறு கலந்த ஆல்கஹாலைச் சூடேற்றிக்கொண்டிருந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் ஆல்கஹால் முழுதும் ஆவியாகியிருந்தது. அடியில் மஞ்சள் மெழுகு, அதைச் சுற்றி வெள்ளைப் படிவு. வேலை கெட்டது என்று வீசியெறியவில்லை அவர். மறுபடி ஆல்கஹால் ஊற்றினார். மஞ்சள் கரைந்தது, வெள்ளை கரையவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் அந்த வெள்ளையிலிருந்து படிகங்கள் கிடைத்தன. அதுதான் தைராக்ஸின். வெற்றியின் சூடு ஆறுமுன்பே சறுக்கலும் காத்திருந்தது.

மூன்று டன் பன்றிச் சுரப்பிகளை அரைத்தும் மிஞ்சியது 33 கிராம்தான். அதைவிடப் பெரிய அடி: அந்த மூலக்கூறின் அமைப்பைக் கெண்டல் தவறாகக் கணித்திருந்தார். சரியான அமைப்பை 1926-இல் லண்டனின் சார்லஸ் ஹாரிங்டன் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே ஆய்வகத்தில் செய்தும் காட்டிவிட்டார். இனி ஆடும் பன்றியும் இல்லாமலே அதைச் செய்ய முடியும். கையில் இருந்த புதையல் நழுவியதைக் கண்ட கெண்டல் வேறு சுரப்பிக்குத் தாவினார்.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் அது. அது கெட்டால் தோல் கருத்து, உடல் வற்றி மரணம் வரும் என்பதை 1855-லேயே தாமஸ் அடிசன் எழுதிவைத்திருந்தார். அதன் புறணியிலிருந்து கெண்டல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களைப் பிரித்து, ஏ, பி, சி என்று எஃப் வரை பெயரிட்டார். போர்க்காலத்தில், ஜெர்மன் விமானிகள் அட்ரினல் சாறு ஏற்றிக்கொண்டு அதிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவ, அமெரிக்க அரசு இந்த ஆய்வைத் தூக்கிப் பிடித்தது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து 1944-இல் ‘இ’-யைச் செய்தார். ஆனால் போதிய அளவில் செய்து சோதித்த ‘ஏ’ அடிசன் நோயாளிகளுக்கு ஏறக்குறையப் பயனற்றுப்போனது. எல்லாம் கைவிடப்படும் நிலையில் காப்பாற்றியவை, மேயோவின் இன்னொரு மருத்துவர் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த குறிப்புகள்.

பிலிப் ஹென்ச் முடக்குவாத மருத்துவர். மஞ்சள் காமாலை கண்ட நோயாளிகளுக்கு மூட்டுவலி விட்டுப்போவதைக் கவனித்திருந்தார். பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது: முடக்குவாதப் பெண்கள் கருவுற்றதும் பலருக்கு வலி தணிந்து, பிள்ளை பிறந்தபின் திரும்பியது. உடலே ஏதோ ஒரு மருந்தைச் செய்கிறது என்று ஊகித்தார். 1948 செப்டம்பர் 21 அன்று, கெண்டலின் ‘இ’-யை 29 வயதுப் பெண்ணுக்கு ஏற்றினார். படுக்கையில் புரளவே தவித்தவர், ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவந்தார். ‘இ’-க்கு கார்டிசோன் என்று பெயர் வந்தது. 1950-இல் கெண்டல், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ரைக்‌ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. கர்ப்பிணிகள் காட்டிக்கொடுத்த மருந்து, கர்ப்பிணிகளிடமே திரும்பவேண்டிய வேளை பாக்கியிருந்தது.

தைராய்டும் அட்ரினலும் ஒருசேரப் பழுதான பெண் இன்று கருவுற்றால், மருந்துச்சீட்டில் முக்கியமாக இருப்பவை இந்த இரண்டு மாத்திரைகள்: காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், பகலில் பிரித்து ஹைட்ரோகார்டிசோன். பின்னது கெண்டலின் ‘எஃப்’. முதல் மூன்று மாதங்களில் கருவின் தைராய்டு வேலைக்கு வருவதில்லை. அதற்கு வேண்டியதைத் தாயே தர வேண்டும். பாஸ்டனில் 19 பெண்களின் கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், தைராக்ஸின் தேவை ஐந்தாவது வாரத்திலேயே ஏறத் தொடங்கி, கர்ப்பத்தின் முதல் பாதியில் சராசரியாக 47 சதவீதம் கூடியிருந்தது. நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியாகும் அந்த முதல் நாள்களிலேயே ரத்தப் பரிசோதனையும் டோஸ் மாற்றமும் வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது அதனால்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்ஸினை உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால், நடுவில் நான்கு மணி நேர இடைவெளியும் கேட்கிறார்கள்.

‘எஃப்’-க்கு வேறு கதை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, தாயிடமிருந்து வரும் ‘எஃப்’-ஐ வீரியமற்ற ‘இ’-யாக மாற்றிவிடுகிறது; பிள்ளைக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. தாயின் ஈரலோ ‘இ’-யை மீண்டும் ‘எஃப்’-ஆக்கிக்கொள்ளும். ஹென்ச்சின் நோயாளி எழுந்து நடந்ததும் அதனால்தான். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் டெக்ஸாமெத்தசோனைத் தாயின் அன்றாடத் தேவைக்குத் தவிர்த்து, ஹைட்ரோகார்டிசோனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாகச் சிகிச்சை தொடங்கும்போது ‘எஃப்’ முதலில், தைராக்ஸின் பிறகுதான். மாற்றிக் கொடுத்தால் வலுவிழந்த அட்ரினல் தாங்காமல் உயிருக்கே ஆபத்து வரலாம். பிரசவ வலி தொடங்கியதும் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனை ஊசியாகவே போடுகிறார்கள். பிள்ளை பிறந்தபின் இரண்டு மருந்துகளும் பழைய அளவுக்கு இறக்கப்பட்டு, ஆறு வாரத்தில் தைராய்டுக்கு மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை.