பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்த கதை

ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் "பி.யு.சி." என்று அச்சடிப்பார்கள். என் பேரன் அதை ஏதோ கம்பெனி என்று நினைத்தான். பதினோரு வருடம் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன், பட்டப்படிப்புக்குள் நுழையக் கல்லூரியில் படித்த ஒரு வருடம் அது. புகுமுக வகுப்பு என்றும் சொல்வோம்.

பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் படி பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டுமா, கல்லூரியிலா என்பது நம் ஊரில் பழைய வழக்கு. நூறு வருடங்களுக்கு முன் அதன் பெயர் எஃப்.ஏ. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கிய ராமானுஜன், 1904-ல் அங்கே அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பிறகு அந்தப் படி இரண்டு வருட இன்டர்மீடியட் ஆனது. ஐம்பதுகளில் ஒரு வருட பி.யு.சி. ஆனது. பழைய கணக்கு 11+2+2, அடுத்தது 11+1+3, இப்போது 10+2+3. கூட்டிப் பாருங்கள், எல்லாம் பதினைந்துதான்! வருடம் மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் டெல்டா கிராமத்துக்கு அந்த இடம்தான் எல்லாமே.

நான் பி.யு.சி. படித்தது அறுபதுகளின் கடைசியில். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா வேதாரண்யம் வரை நீண்டது. கல்லூரி என்றால் கும்பகோணம், தஞ்சை சரபோஜி, பூண்டி புஷ்பம் என்று விரல்விட்டு எண்ணலாம். மன்னார்குடி அரசுக் கல்லூரி 1971-ல்தான் வந்தது. தலைஞாயிற்றுப் பையன் படிக்க வேண்டுமென்றால் ஹாஸ்டல்தான். அட்மிஷன் பணம் கட்டவேண்டிய ஜூன், ஜூலை மாதமோ குறுவைக்கு உழவு, நாற்று, நடவு என்று கையில் இருந்ததெல்லாம் வயலில் இறங்கியிருக்கும் நேரம். சம்பா நெல் வந்து காசு பார்க்கத் தை பிறக்கவேண்டும். பலபேர் படிப்பு அந்த இடைவெளியில் நின்றுபோனது.

சேர்ந்தவனுக்கு அடுத்த சோதனை இங்கிலீஷ். பதினோரு வருடம் தமிழில் பௌதிகம் படித்தவன் திடீரென்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் கேட்பான். காது பழகுவதற்குள் பரீட்சை வந்துவிடும். "பி.யு.சி. ஃபெயில்" என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு படிப்புபோல ஆகியிருந்தது. ரைஸ் மில் கணக்குப்பிள்ளை வேலைக்கு அது போதும்.

1964-66-ல் கோத்தாரி கமிஷன் 10+2+3 முறையைச் சொன்னது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978-ல், மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல். "ஹைஸ்கூல் லேபில் நாலு பிப்பெட்டும் ஒரு தராசும் வைத்துக்கொண்டு கல்லூரிப் பாடம் நடத்துவார்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். நான் வரலாறு எடுக்க முதுகலை ஆசிரியராகச் சேர்ந்த பள்ளியில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒரே அறை, முறைவைத்துக்கொண்டு பயன்படுத்தினார்கள். ஆனாலும் பையன் ராத்திரி தன் வீட்டில் சாப்பிட்டான், பாடத்தைத் தமிழில் கேட்டான். என் கணக்கில் இந்த இரண்டுக்கும் முன்னால் பிப்பெட் குறை பெரிதில்லை.

தோற்றது தொழிற்கல்விப் பிரிவு. பிளஸ் டூ முடித்துப் பாதிப்பேர் நேரே வேலைக்குப் போகலாம் என்பது கமிஷனின் யோசனை. அதற்காக விவசாயப் பிரிவும் வந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பூமியில் இது ஓஹோ என்று ஓடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் போய்விட்டார்கள். மார்க் குறைந்தவன் என்று விவசாயப் பிரிவில் தள்ளப்பட்டவர்கள் கூலிக்கு நாற்றுப் பறிப்பவர்களின் பிள்ளைகள். நிலம் உள்ளவன் வீட்டில் டாக்டர் கனவு, நிலமில்லாதவனுக்கு விவசாயப் பாடம்! நாற்றங்கால் விடுவதைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்லித்தர என்ன இருந்தது? அந்தச் சான்றிதழைக் காட்டினால் எந்த பாங்கியும் டிராக்டர் கடன் கொடுக்கவில்லை, மேலே படிக்கவும் வழி குறுகல்.

ஆதாயம் பெண்பிள்ளைகளுக்கு. தஞ்சை குந்தவை நாச்சியார் கல்லூரி 1966-லேயே இருந்தது, ஆனால் பதினாறு வயதுப் பெண்ணைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட எத்தனை அப்பாக்கள் தயாராக இருந்தார்கள்? உள்ளூர்ப் பள்ளி என்றதும் "சரி, இரண்டு வருஷம் போகட்டும்" என்றார்கள். அந்த இரண்டு வருடத்தில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. எங்கள் பள்ளியின் முதல் செட்டில் ஒரு கை விரலுக்குள் இருந்த பெண்கள், நான் ஓய்வுபெறும்போது வகுப்பில் சரிபாதிக்கு மேல்.

இதைக் கண்ட சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தங்கள் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலையாகத் தரம் உயர்த்தச் சொல்லி எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடந்தன. அதற்கு இடம் காட்டவேண்டும், ஊர்ப் பங்குத்தொகை கட்டவேண்டும். பக்கத்து ஊரில் தைமாதம் களத்துமேட்டிலேயே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். மா கணக்கில் ஆளுக்கு இவ்வளவு நெல் என்று வசூல். நிலமில்லாத தெருவும் அரைமூட்டை, கால்மூட்டை என்று கூலி நெல்லில் இருந்து அளந்தது.