வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்

வத்திராயிருப்பின் கண்மாய்களையும் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அங்கே உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பலருக்கு முதலாளி நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசை. சிலருக்கு ஓடைக்கரைப் புறம்போக்கில். கிடுகுக் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, "இடத்தைக் காலி பண்ணு" என்ற சொல். கூலி கூட்டிக் கேட்டால் அந்தச் சொல் வந்துவிடும்.

தமிழகம் முழுவதும் இதே கதைதான். 1961இல் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில், கூலித் தகராறில், குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிறகு 1971இல் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'ஒருவர் வீட்டில்' என்பதற்கு பிரெஞ்சில் 'ஷே' என்பார்கள். குடிசையைக் குறிக்கும் 'காஸா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாம். நம் 1971 சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் 'குடியிருப்பு' என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அலுவலகத்தில் அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீடு கட்டித் தரும் திட்டங்களுக்கும் குறைவில்லை. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம்; நம் பக்கத்தில் 'தொகுப்பு வீடு' என்றால்தான் தெரியும். 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் திட்டம். 2011இல் 300 சதுர அடியில் பசுமை வீடு. 2024இல் கலைஞர் கனவு இல்லம்: 2030க்குள் 8 லட்சம் வீடுகள், ஒவ்வொன்றும் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். ஆட்சிகள் மாறின, சதுர அடியும் தொகையும் கூடின. ஆனால் மனை உன்னுடையதா என்ற கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வியால் ஒரு மனுவைத் தள்ளியவன் நான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஓடைக்கரையில் குடியிருந்த ஒரு வயதான அம்மாள் தொகுப்பு வீடு கேட்டு வந்தார். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. 'மனை இல்லை' என்று குறிப்பு எழுதினேன். விதிப்படி அது சரிதான். "ஐயா, கூரைய வருசா வருசம் நானே மாத்திக்கிறேன். இருக்க ஒரு எடம் மட்டும் காட்டுங்க" என்றார். மாற்று மனைக்குப் பரிந்துரைத்து இன்னொரு குறிப்பு எழுதியிருக்கலாம். அன்று மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், எழுதவில்லை.

வீடே இல்லாதவருக்கு மனையும் இருப்பதில்லை. மனை இல்லாவிட்டால் திட்டத்தில் இடமில்லை. ஆகவே ஓரளவு வசதி உள்ளவருக்கு வீடு முதலில் போய்ச் சேர்கிறது. கிராமத்தில் 3 சென்ட் மனையை, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், முதலில் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் தெருவில் பட்டா இல்லாமல் யாராவது இருந்தால், மனு எழுத ஒரு கை கொடுங்கள். என்னால் இப்போது செய்ய முடிவதும் அதுதான். செய்துகொண்டிருக்கிறேன்.