கல்லூரியின் முதலாண்டும் நம் முன்னோர் நடந்த வழியும்

ஆண்டுதோறும் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், நம் பிள்ளைகள் சிலர் மறைமலை நகர் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறி, வடக்கே தாம்பரத்திற்கும் சென்னைக்கும், தெற்கே செங்கற்பட்டிற்கும் கல்லூரி மாணவராய்ச் செல்கின்றனர். அவர்களுள் ஓரிருவர் தீபாவளிக்கு முன்பே படிப்பை விட்டுத் திரும்பிவந்து, “அந்த இடம் நமக்கு ஒத்துவராது, ஐயா” என்று கூறக் கேட்டிருக்கின்றோம். அக்கூற்று மெய்தானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் ஈன்ற பெருமகனார் இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்றார். தம் மாணவப் பருவத்தை, 1939இல் வெளிவந்த ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே குறித்துள்ளார். அங்குப் பயின்ற 400 மாணவருள் ஏறத்தாழப் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். பிறரோடு பழகினால் தம் சாதியும் ஊரும் குடும்பமும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, அவர் வெளியே தனித்திருந்து படித்தார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைந்தார். வகுப்பு முடிந்ததும் எவரும் உடன்வராதபடி விரைந்து வீடு சேர்ந்தார். விளையாட வேண்டிய வயதில் விளையாட இயலாமற்போன துயரம் முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

இளைஞர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். அவர் அஞ்சியது பாடத்தை அன்று. தம் பெயரோடு ஒட்டியிருந்த இழிவை. அந்த இழிவோ அவரிடத்தில் பிறந்ததன்று. சுற்றியிருந்தோர் உள்ளத்தில் இருந்தது. 1891இல் பறையர் மகாசன சபையை நிறுவிய அவர், 1893இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பள்ளியில் எதனை மறைத்தாரோ, அதனையே இதழின் முகப்பில் அச்சேற்றினார்! 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடியவரும் அவரே.

அண்ணலும் முதலாண்டு மாணவராய் அயலூர் புகுந்தவரே. பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடு புதிது; உணவு புதிது. ஆயினும் அங்கு மாணவர் விடுதியில் உடன் தங்கிய நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு வாழ்நாள் நண்பரானார். அயலிடத்தை நம் இடமாக்குவது நல்ல துணையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

துணையின்றி நடந்த முன்னோர், பின்வருவோர்க்குத் துணை அமைத்தனர். பரங்கிமலையில் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்ததும் அக்கல்லூரியிலேதான். 1937இல் அது தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. இன்று சைதாப்பேட்டையில் அரசின் கல்லூரி மாணவர் விடுதி ஒன்று ராஜாவின் பெயர் தாங்கி நிற்கின்றது. அண்ணல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் வகுப்பு மாணவரின் மேற்படிப்பிற்கு மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கிற்று. இவை எவரும் இட்ட பிச்சையல்ல. போராடிப் பெற்ற உரிமை.

யாமும் அவ்விடுதிச் சோற்றால் படித்தவரே. முதல் திங்களில் ஆங்கில விரிவுரை சிறிதும் விளங்கவில்லை. “எந்தத் தெரு?” என்று உடன்பயின்றோர் வினவியபோது ஊரின் பெயரை மட்டும் சொல்லித் தெருவை மறைத்தோம். பெட்டியைக் கட்டிய இரவில், விடுதியின் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் எம்மை அமர்த்தி அன்றைய பாடத்தைத் தமிழில் விளக்கினார். மறுநாளும் விளக்கினார். பெட்டி அவிழ்ந்தது, பட்டமும் கிட்டிற்று.

ஆதலின், முதலாண்டில் தோன்றும் மருட்சியைத் தகுதிக் குறைவென எண்ணற்க. விளங்காததை வினவுக, விடுதியும் உதவித்தொகையும் கோரக் கூசற்க. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் பட்டதாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிதாய்க் கல்லூரி புகும் தம்பி தங்கையருள் ஒருவரையேனும் ஒவ்வொருவரும் முதலாண்டு முழுவதும் கண்காணித்துத் துணைநிற்க வேண்டும். மணி அடிக்கும்வரை வெளியே தனித்து நின்ற சீனிவாசனாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவேயாம்.