அரண்மனையிலிருந்து கலைச் சந்தைக்கு

இராவ்புராவில் உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டைக் கடந்து செல்லாத தமிழர் இந்நகரில் இரார். கடைத்தெருவுக்குச் செல்லும்போது அண்ணாந்து மணி பார்க்கின்றோம், மேலே நடக்கின்றோம். அது யாருடைய நினைவாக எழுந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1896-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கூண்டு, இளமையிலேயே மறைந்த சிம்னாபாய் அரசியின் நினைவுச் சின்னமாகும். அவ்வரசி பிறந்த வீட்டில் இலக்குமிபாய் எனப் பெயர் பெற்றிருந்தார். அவர் பிறந்த ஊர் நம் தஞ்சை.

தஞ்சையில் வாழ்ந்த மராட்டிய உயர்குலத்தில் தோன்றிய அப்பெண்ணை, பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1880-ஆம் ஆண்டில் மணந்தார். சீர்வரிசையோடு சதிர்க் கச்சேரியும் பரோடாவுக்குப் புறப்பட்டு வந்தது. கௌரி, காந்திமதி என்னும் ஆடல் மகளிர் இருவரும், அவர்களுக்குரிய நட்டுவனாரும் இசைவாணரும் இங்கே குடியேறினர். சமஸ்தானத்தில் கலைஞர்களுக்கென்றே இருந்த ‘கலாவந்த் கார்கானா’ என்னும் இலாகாவில் அவர்கள் ஊதியம் பெற்றனர். 1885-ஆம் ஆண்டில் அரசி மறைந்தார். ஆயினும் அவருடன் வந்த ஆடல் அரண்மனையில் தொடர்ந்து நடைபெற்றது.

ஒன்றை இங்கே கருதிப் பார்த்தல் வேண்டும். அந்த ஆடலைக் கண்டவர் யாவர்? மன்னரும் அவர்தம் விருந்தினரும் அரசவையினருமே கண்டனர். மதிலுக்கு வெளியே காய்கறி விற்றவனுக்கும் நெசவு நெய்தவனுக்கும் அது எட்டவில்லை. அரண்மனையின் தயவில் வாழ்ந்த கலை, அரண்மனையின் வாழ்வோடு தன் வாழ்வையும் பிணைத்துக்கொண்டிருந்தது.

இந்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றியவர் சயாஜிராவே. 1886-ஆம் ஆண்டில் மௌலாபக்ஷ் என்னும் இசைப் பேரறிஞரைத் தலைவராகக் கொண்டு ஓர் இசைப்பள்ளி நிறுவப்பட்டது. வடநாட்டு இசையில் வல்லவரான மௌலாபக்ஷ், தென்னாடு சென்று கருநாடக இசையையும் பயின்றவர். குருவின் வீட்டிலும் அரசவையிலும் அடங்கியிருந்த இசை, அப்பள்ளியின் வாயிலாகப் பிள்ளைகளின் பாடமாயிற்று.

1916-ஆம் ஆண்டில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு இந்நகரிலே கூடியது. பண்டித பாத்கண்டே அதன் உயிர்நாடியாக விளங்கினார். தஞ்சையிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் வந்திருந்தார். மருத்துவராகப் பொருள் ஈட்டி, அதனை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பெருமகன் அவர். ஒரு தாயியில் 22 சுருதிகள் என்பதே பலருடைய கொள்கையாக இருந்த அவையில், 24 சுருதிகளே உண்டு என்று அவர் வாதிட்டார். அவருடைய புதல்வியர் அதனை இசைத்துக் காட்டினர். அவர் முடிவை அனைவரும் ஏற்றனர் என்று கூற இயலாது. இன்றும் அது வழக்குக்குரியதே. ஆனால், தமிழன் ஒருவன் தன் இசையைப் பிறமொழியாளர் நடுவே எடுத்துரைத்து, மறுப்பையும் எதிர்கொண்டான் என்பது சிறிய செய்தியன்று.

1949-ஆம் ஆண்டில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் தோன்றியது. திருமதி ஹன்சா மேத்தா அதன் முதல் துணைவேந்தரானார். இசைக்கும் நடனத்திற்கும் நாடகத்திற்கும் அங்கே இடம் கிடைத்தது. 1950-ஆம் ஆண்டில் நுண்கலைப் பிரிவு தொடங்கியது. அன்று அரண்மனையில் ஆடிய காந்திமதியின் மகனார் குபேரநாத் தஞ்சோர்க்கர், பல்கலைக்கழகத்தில் பரதநாட்டிய ஆசிரியராக அமர்ந்தார். தாய் மன்னர் முன் ஆடியதை, மகன் குஜராத்திப் பெண்களுக்கும் மராத்திப் பெண்களுக்கும் கற்பித்தார். சமஸ்தானங்கள் மறைந்தன, அந்த ஆடல் மறையவில்லை. கல்லூரிக்குள் காலடி வைத்ததனாலன்றோ அது பிழைத்தது!

எனினும் கல்லூரிக்கும் மதில் உண்டு. அம்மதிலின் கதவைத் திறந்துவிட்ட பெருமை, 1961-ஆம் ஆண்டில் நுண்கலைப் பிரிவினர் தொடங்கிய கலைச் சந்தையைச் சாரும். அதற்கு ஊக்கம் அளித்தவர்களுள் முதன்மையானவர் கே. ஜி. சுப்பிரமணியன். வடமலபாரில் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1924-ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விடுதலைப் போரில் சிறை சென்று, பின்பு சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்றவர். 1951-ஆம் ஆண்டில் பரோடாவுக்கு ஆசிரியராக வந்தார். இடையே பம்பாயில் கைத்தறி வாரியத்தில் பணியாற்றி, நெசவாளரின் தொழிலை அருகிருந்து கண்டார். ஓவியன் உயர்ந்தவன், கைவினைஞன் தாழ்ந்தவன் என்னும் பிரிவினை அவருக்கு உடன்பாடன்று.

கலைச் சந்தையில் அக்கொள்கை கண்கூடாயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து பொம்மைகள் செய்தனர். முகமூடிகள், மட்பாண்டங்கள், அச்சுப் படங்கள், வாழ்த்து அட்டைகள் முதலியன ஆக்கினர். சுப்பிரமணியன் மரத்துண்டுகளையும் தோலையும் மணிகளையும் கோத்து விலங்குப் பொம்மைகள் செய்தார். சந்தைக்கென்றே குழந்தைகளுக்குப் படக்கதை நூல்களும் வரைந்தார். ஆடலும் பாடலும் கூத்தும் உடன் நிகழ்ந்தன. எளிய விலைக்குப் பொருள்கள் விற்றன. வந்த தொகை மாணவர் நலனுக்குப் பயன்பட்டது. ஓவியக் கூடத்தின் படியேற அஞ்சும் குடும்பத்தார், சந்தை என்றதும் கூசாமல் குழந்தைகளோடு உள்ளே வந்தனர். புதுமைக் கலை புரியாது என்று ஒதுங்கியவர் கையில் அக்கலையே ஒரு பொம்மைக் குதிரையாக அமர்ந்து வீடு வந்து சேர்ந்தது.

அச்சந்தை ஆண்டுதோறும் தவறாது நடந்ததன்று. இடைவெளி விட்டு விட்டு நடந்தது. சுப்பிரமணியன் 2016-ஆம் ஆண்டில் இந்நகரிலேயே மறைந்தார். ஆனால் அவர் காட்டிய வழி தெளிவானது. அரண்மனையில் சிலருக்காக இருந்த கலை கல்லூரிக்கு வந்தபோது மாணவருடையதாயிற்று; சந்தைக்கு வந்தபோது ஊராருடையதாயிற்று. ஒவ்வொரு வாயிலைக் கடக்கும்போதும் அது தன் தூய்மையை இழந்துவிடும் என்று அஞ்சியவர் இருந்திருப்பர். இழக்கவில்லை, வாழ்ந்தது.

இனி, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் பாடுகின்றனர், ஆடுகின்றனர், நாடகம் நடிக்கின்றனர். மேடையிலும் நாமே; கீழே நாற்காலிகளிலும் நாமே. அடுத்த வீட்டுக் குஜராத்தி அன்பர் நம் மேளத்தின் ஓசையைச் சாளரத்தின் வழியே கேட்கின்றார். அழைப்பிதழ் அவர் வீட்டுக்குச் செல்வதில்லை. மொழி தேய்ந்துவிடுமே என்னும் கவலையால் நாம் எழுப்பிக்கொண்ட மதில் இது. அக்கவலையில் நியாயம் உண்டு. மதிலில் பயன் இல்லை. தஞ்சையிலிருந்து வந்த ஆடலை இந்நகரில் காத்தது, அதனைப் பிறர் பிள்ளைகளுக்கும் கற்பித்த கரமே.

அடுத்த ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலிகள் சிலவற்றை அயலாருக்கென ஒதுக்குவோம். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வகுப்புத் தோழர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வரட்டும். பாட்டின் பொருளைக் குஜராத்தியில் எடுத்துச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவ்வாறு சொல்லும்போது, தமிழ் அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியவரும்.