வெட்டிவேரும் பனையோலையும்

வீட்டிலேயே கச்சேரி வைத்து நிர்வாகம் நடத்தியவர்கள் கும்பினித் துரைமார்கள். கோடை வந்தால் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மணத்தோடு குளிர்ச்சியும் உள்ளே வரும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்றாகப் பலிக்கும். கடலோரச் சென்னையைவிட விருதுநகருக்கே ஏற்ற உபாயம் என்று சொல்லலாம். ஆனால், தட்டி ஓயாமல் தண்ணீர் குடிக்கும். தெளிக்கிற ஆள் நிற்பதோ வெயிலில். குடிக்கும் தண்ணீருக்கே குடத்தோடு அலைந்த கரிசல் சீமையில் அந்தக் குளிர்ச்சி யாருக்குக் கட்டுபடியாகும்?

1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கு வந்தது. ஒட்டுகிற பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது. அதற்குப் பனைநாட்டில் ஓலைத் தட்டி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக் கட்டினால் வெயில் மேலேயே நின்றுவிடும். வெளிச்சமும் காற்றும் கீழ்வழியாக வரும். தண்ணீரும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

இன்று வீட்டில் மேஜை போட்டு வேலை பார்ப்பவர்கள் உள்ளே அழகான திரை தொங்கவிடுகிறார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரை என்ன செய்யும்? வாசலிலேயே தடுக்க வேண்டிய விருந்தாளி அது.